விஸ்டா வென்றதா, தோற்றதா? ஒரு இயங்குதளத்தின் வெற்றியைக் கணக்கிடுவது எப்படி

புது விண்டோஸ் ஒன்று வெளிவந்தால் அதைப் பற்றிய வாக்குவாதமும் கூடவே வந்துவிடுகிறது. "கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது, இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?" என்று ஒரு தரப்பு கேட்கும். "யார் போட்டிருக்கிறார்கள்? எல்லோரும் பழையதைத்தானே வைத்திருக்கிறார்கள்" என்று மறு தரப்பு சொல்லும். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது இது நடந்தது. 2012இல் விண்டோஸ் 8, 2015இல் விண்டோஸ் 10, 2021இல் விண்டோஸ் 11 என்று ஒவ்வொரு முறையும் நடந்தது. இரு தரப்புமே கையில் எண்களோடுதான் வருகின்றன. பெரும்பாலும் இரண்டு எண்களுமே சரியானவைதான்.

எண்கள் சரியாக இருந்தும் முடிவுகள் எப்படி முட்டிக்கொள்கின்றன? ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறு விஷயத்தை அளக்கிறது. விற்பனைக் கணக்கு ஒன்று. புழக்கத்தில் இருப்பதன் கணக்கு வேறு. மக்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்களா என்பது மூன்றாவது. வாக்குவாதத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. உதாரணமாக விஸ்டாவை எடுத்துக்கொள்கிறேன். அதன் கதை முடிந்துவிட்டது. அது தொடர்பான வழக்கு ஒன்றில், அதைச் செய்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் நடந்த கடிதப் போக்குவரத்தே வெளியே வந்துவிட்டது. இவ்வளவு திறந்து கிடக்கும் உதாரணம் இந்தத் துறையில் வேறு அதிகம் இல்லை.

## முதலில், இயங்குதளம்

கடையில் போய் "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுக் கொடுங்க" என்கிறோமே, அந்த ஓஎஸ்தான் இயங்குதளம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்து, பிராசசர், ராம், ஹார்டு டிஸ்க், பிரிண்டர் எல்லாவற்றையும் மற்ற மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் அது. விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இந்த வகையில் சேர்ந்தவை.

யாரும் இயங்குதளத்துக்காகக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. கணக்குப் பார்க்க டேலி வேண்டும், பில் அடிக்க வேண்டும், பிள்ளை ஆன்லைனில் படிக்க வேண்டும் என்று வாங்குகிறோம். இயங்குதளம் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இப்படிச் சேர்ந்து வருவதுதான் இந்தக் குழப்பம் முழுவதற்கும் வேர்.

## 100 வீடுகள், 100 மின்விசிறிகள்

ஒரு பில்டர் 100 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டுகிறார். ஒரு மின்விசிறி நிறுவனத்திடம் மொத்தமாகப் பேசி, எல்லா வீட்டிலும் அவர்களுடைய புது மாடலையே மாட்டிவிடுகிறார். அன்று மாலையே அந்த நிறுவனம் "100 விசிறி விற்றுவிட்டது" என்று அறிவிக்கிறது. பொய் இல்லை, பணம் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் 30 வீடுகளுக்கு இன்னும் ஆளே குடிவரவில்லை. 15 வீட்டில் குடிவந்தவர்கள் புது விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மாட்டிக்கொண்டார்கள். மீதி 55 வீட்டில் புது விசிறிதான் சுற்றுகிறது. அந்த 55 பேரும் விரும்பித்தான் வைத்திருக்கிறார்களா? சிலருக்குப் பிடித்திருக்கலாம். பலர் மாட்டியிருப்பதைக் கழற்றுவானேன் என்று விட்டிருப்பார்கள்.

விற்றது 100, சுற்றுவது 55, விரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாது. மூன்று எண்களும் ஒரே கட்டடத்தைப் பற்றியவை. இனி விண்டோஸுக்கு வருவோம்.

## விற்ற எண்: உரிமங்களின் கணக்கு

விண்டோஸை நாம் பொருளாக வாங்குவதில்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதியை வாங்குகிறோம். ஒரு கம்ப்யூட்டரில் பயன்படுத்த ஒரு அனுமதி. அதற்கு உரிமம் என்று பெயர். இந்த உரிமங்களில் மிகப் பெரும்பான்மையை வாங்குவது நீங்களும் நானும் அல்ல. டெல், ஹெச்பி, லெனோவோ, ஏசர் போன்ற கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள். நம் உதாரணத்தின் பில்டர்கள் இவர்கள்தான்.

விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த நாள் 2007 ஜனவரி 30. முதல் மாதத்திலேயே 2 கோடி உரிமங்கள் விற்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதம் அறிவித்தது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸான, 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி, முதல் 2 மாதங்களில் 1.7 கோடிதான் விற்றது என்று பக்கத்திலேயே ஒப்பீடும் வைத்தது. பாதிக் காலத்தில் கூடுதல் விற்பனை என்றால் கேட்பவருக்கு அசத்தலாகத்தான் இருக்கும். 2008 ஜனவரியில் பில் கேட்ஸ் லாஸ் வேகஸ் கண்காட்சி மேடையில் 10 கோடி என்றார். அந்த ஜூலைக்குள் 18 கோடி.

இந்த எண்களை எதிர்த்தரப்பு பொய் என்று தள்ளியது தவறு. பொய் இல்லை. ஆனால் அந்த 2 கோடிக்குள் என்னென்ன அடங்கியிருந்தன என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த உரிமங்கள் அதில் சேர்ந்திருந்தன. கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகளும் சேர்ந்திருந்தன. பெட்டி கடை அலமாரியிலேயே இருந்தாலும் கணக்கில் வரும். முந்தைய மாதங்களில் எக்ஸ்பியோடு கம்ப்யூட்டர் வாங்கி, "விஸ்டா வந்ததும் மாற்றித் தருகிறோம்" என்ற சலுகையில் பிற்பாடு கேட்டு வாங்கியவர்களும் உள்ளே இருந்தார்கள். பல மாதம் தேங்கிக் கிடந்த தேவை ஒரே மாதக் கணக்கில் வந்து விழுந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2001இல் உலகம் முழுவதும் விற்ற கம்ப்யூட்டர்கள் ஏறத்தாழ 13 கோடி. 2007இல் அது ஏறத்தாழ 27 கோடி. சந்தையே இரண்டு மடங்காகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டு போகும் பொருளும் இரண்டு மடங்கு போகத்தானே செய்யும்? விஸ்டாவின் இடத்தில் வேறு எதை வைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே எண் வந்திருக்கும். "எக்ஸ்பியைவிட இரண்டு மடங்கு வேகம்" என்ற ஒப்பீடு பெரும்பாலும் கம்ப்யூட்டர் விற்பனையின் வளர்ச்சியைத்தான் காட்டியது.

## கழற்றிப் பரணில் போட்டவர்கள்

விஸ்டாவின் பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளை வாங்கியவர்களுக்கு ஒரு உரிமை இருந்தது. வேண்டாம் என்றால் அதே உரிமத்தை வைத்து எக்ஸ்பி புரொஃபெஷனலைப் போட்டுக்கொள்ளலாம். இதை டவுன்கிரேட் உரிமை என்பார்கள். புதிதுக்குக் காசு கொடுத்துப் பழையதைப் பயன்படுத்தும் அனுமதி அது. இப்படி எக்ஸ்பிக்குத் திரும்பிய ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மைக்ரோசாஃப்டின் ஏட்டில் ஒரு விஸ்டா விற்பனைதான்.

எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற முழுக் கணக்கு பொதுவெளியில் இல்லை. ஆனால் அறிகுறிகள் ஏராளம். வெளிவந்து 3 மாதம் ஆவதற்குள், 2007 ஏப்ரலில், வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் டெல் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலேயே எக்ஸ்பியை மறுபடி விற்கத் தொடங்கியது. 2008 ஜனவரியோடு நிறுத்த வேண்டிய எக்ஸ்பி விற்பனையை மைக்ரோசாஃப்ட் ஜூன் வரை நீட்டியது. அப்போது வரத் தொடங்கியிருந்த நெட்புக் என்ற சின்ன, மலிவு லேப்டாப்கள் விஸ்டாவின் எடையைத் தாங்கவில்லை என்பதால், அவற்றுக்கு மட்டும் எக்ஸ்பி அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

என் பார்வையில் மிகக் கனமான சாட்சி இன்டெல்தான். விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு பிராசசர் செய்து கொடுக்கும் நிறுவனம், பல பத்தாண்டுகளாக மைக்ரோசாஃப்டின் தோளோடு தோள் நின்ற கூட்டாளி. அந்த இன்டெலே, ஏறத்தாழ 80,000 ஊழியர்களின் கம்ப்யூட்டர்களை விஸ்டாவுக்கு மாற்றுவதில்லை என்று முடிவெடுத்ததாக 2008 ஜூனில் செய்தி வந்தது. தேர்ந்தெடுக்கும் வசதியும், சோதித்துப் பார்க்கும் திறமையும், வேண்டிய பணமும் உள்ள ஒருவர் வேண்டாம் என்பது, வேறு வழியில்லாமல் வாங்கிய ஆயிரம் பேரின் கணக்கைவிட அதிகம் சொல்கிறது.

இதே விஷயத்துக்குத் தமிழ்நாட்டிலும் ஒரு உதாரணம் உண்டு. 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கருவிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் சென்னையிலிருந்து உருவாக்கிய இந்திய லினக்ஸ். "பாஸ் லட்சக்கணக்கான மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது" என்று ஒருவர் சொன்னால் அது உண்மை. அந்த மாணவர்கள் அன்றாடம் அதில் வேலை செய்தார்களா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. நல்ல உழைப்பில் உருவான இயங்குதளம் என்பதாலேயே அதற்கு நேர்மையான கணக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதுவரை பார்த்தது: விற்ற உரிமங்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்குப் பணம் வந்ததைச் சொல்கிறது. கம்ப்யூட்டர் சந்தை எவ்வளவு பெரிது என்பதையும் சொல்கிறது. மக்கள் பயன்படுத்துகிறார்களா, விரும்புகிறார்களா என்பதை அது சொல்லாது.

## சுற்றும் விசிறியை எண்ணுவது: பயன்பாட்டுப் பங்கு

அப்படியானால் உண்மையில் ஓடிக்கொண்டிருப்பதை எண்ணினால் என்ன? அதற்குப் பயன்பாட்டுப் பங்கு என்று பெயர். இன்று புழக்கத்தில் உள்ள கம்ப்யூட்டர்களில் எத்தனை சதவீதம் எந்த இயங்குதளத்தில் ஓடுகின்றன என்ற மதிப்பீடு. செய்தித்தாள்களில் வரும் "விண்டோஸ் 11க்கு இத்தனை சதவீதம்" எல்லாம் இந்த வகைதான்.

வீடு வீடாகப் போய் யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கும்போது, உங்கள் பிரவுசர் "நான் இன்ன பிரவுசர், இன்ன இயங்குதளத்தில் ஓடுகிறேன்" என்று ஒரு வரியை அந்தத் தளத்துக்கு அனுப்பும். ஸ்டாட்கவுன்ட்டர் போன்ற நிறுவனங்களின் எண்ணும் நிரல் லட்சக்கணக்கான தளங்களில் பதிந்திருக்கிறது. அந்த வரிகளைத் திரட்டிக் கூட்டினால் பங்கு கிடைக்கும். திருட்டு விண்டோஸும் இதில் எண்ணப்படும், ஏனென்றால் பிரவுசர் உரிமத்தைக் கேட்பதில்லை. உரிமக் கணக்கில் வராத ஒரு பெரும் கூட்டம் இங்கே தென்படுகிறது.

அந்த வரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அதில் "விஸ்டா" என்ற பெயரே இருக்காது. "விண்டோஸ் என்டி 6.0" என்றிருக்கும். விண்டோஸ் 7 என்றால் "என்டி 6.1". விண்டோஸ் 8க்கு 6.2, 8.1க்கு 6.3. விண்டோஸ் 10க்கு எண் ஒரேயடியாக 10.0க்குத் தாவியது. விண்டோஸ் 11க்கு? அதற்கும் 10.0தான். அந்தப் பழைய வரியை மட்டும் படிக்கும் தளத்துக்கு 10க்கும் 11க்கும் வித்தியாசமே தெரியாது. குரோம், எட்ஜ் பிரவுசர்கள் தனியாகக் கேட்டால் துல்லியமான பதிப்பு எண்ணைச் சொல்லும். ஃபயர்ஃபாக்ஸ் சொல்லாது. புது இயங்குதளத்தின் பங்கு என்று நாம் படிக்கும் சதவீதத்துக்கு அடியில் இப்படிப்பட்ட ஓட்டைகளும் ஒட்டுப்போட்ட இடங்களும் இருக்கின்றன.

எண்ணும் முறை மாறினால் விடை எவ்வளவு மாறும்? விண்டோஸ் 7, எக்ஸ்பியை முந்திய தேதியைப் பாருங்கள். ஸ்டாட்கவுன்ட்டர் கணக்கில் அது நடந்தது 2011 அக்டோபரில். நெட் அப்ளிகேஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் 2012 ஆகஸ்டில். ஒரே நிகழ்வுக்கு 10 மாத இடைவெளி! யாரும் ஏமாற்றவில்லை. ஸ்டாட்கவுன்ட்டர் திறக்கப்பட்ட பக்கங்களை எண்ணியது. ஒருவர் 50 பக்கம் பார்த்தால் 50. நெட் அப்ளிகேஷன்ஸ் ஆட்களை எண்ணியது. அதோடு, எந்த நாட்டில் எத்தனை இணையப் பயனர்கள் என்று பார்த்து, அதற்கேற்ப ஒவ்வொரு நாட்டின் எண்ணையும் கூட்டிக் குறைத்தது. எக்ஸ்பி நிறைந்திருந்த சீனாவுக்கு அந்தக் கணக்கில் எடை கூடியது. எக்ஸ்பியின் ஆயுளும் நீண்டது.

எனவே பயன்பாட்டுப் பங்கில் ஒரு மாத ஏற்ற இறக்கத்தை வைத்து வெற்றி தோல்வி பேசுவது வீண். ஒரே நிறுவனத்தின் கணக்கை ஓராண்டு, ஈராண்டு நீளத்தில் பார்த்தால் போக்கு தெரியும். அப்படிப் பார்த்தால் விஸ்டாவின் கதி எல்லாக் கணக்கிலும் ஒன்றுதான்: அது ஒருபோதும் எக்ஸ்பியை முந்தவில்லை. 2009இல் விண்டோஸ் 7 வந்ததும் இறங்கத் தொடங்கிவிட்டது.

## செயலில் உள்ள கருவிகள்

விண்டோஸ் 10 காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. உரிமக் கணக்கை விட்டுவிட்டு, செயலில் உள்ள கருவிகளை எண்ணத் தொடங்கியது. கடந்த 28 நாளில் ஒரு முறையாவது ஓடிய கருவி என்று அதற்குப் பொருள். பரணில் கிடப்பது இதில் வராது. உரிமக் கணக்கைவிட இது எவ்வளவோ நேர்மையான அளவு.

2015 ஏப்ரலில், 2 முதல் 3 ஆண்டுக்குள் 100 கோடி கருவிகளில் விண்டோஸ் 10 ஓடும் என்று அந்நிறுவனம் இலக்கு வைத்தது. ஜூலை 29 அன்று வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்தில் 1.4 கோடி, முதல் 4 வாரத்தில் 7.5 கோடி. ஆனால் 2016 ஜூலையில், சொன்ன காலத்துக்குள் முடியாது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 100 கோடி வந்தது 2020 மார்ச்சில். முக்கியக் காரணம் கம்ப்யூட்டரே அல்ல. இலக்கு வைத்தபோது விண்டோஸ் போன்களையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அந்த போன் வியாபாரம் படுத்துவிட்டது. இலக்கு தவறியது என்ற செய்தியை மட்டும் படித்தவர்கள் விண்டோஸ் 10 தோற்றுவிட்டது என்று நினைத்தார்கள். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் அது நன்றாகவே வேரூன்றியிருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. முதல் ஓராண்டு விண்டோஸ் 10 இலவசம். விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களின் திரையில் "மாறுங்கள்" என்ற அறிவிப்பு ஓயாமல் வந்து நின்றது. 2016இல் அந்த அறிவிப்புப் பெட்டியை மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால்கூட, குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்ற நிலை வந்தது. மூடினால் வேண்டாம் என்று பொருள் என நம்பிப் பழகியவர்களுக்கு இது பெரிய அத்துமீறல். எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு. இப்படி மாறிய கருவியும் செயலில் உள்ள கருவிதான். எண்ணில் அது தனியாகத் தெரியாது.

இதுவரை பார்த்தது: பயன்பாட்டுப் பங்கும் செயலில் உள்ள கருவிகளும், எது ஓடுகிறது என்பதை ஓரளவு சரியாகச் சொல்கின்றன. எப்படி எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். மக்கள் தாமாக மாறினார்களா, தள்ளப்பட்டார்களா என்பது இவற்றிலும் தெரியாது.

## விஸ்டாவை மக்கள் ஏன் ஒதுக்கினார்கள்?

எண்களை விட்டுவிட்டுக் காரணத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு போன்ற ஒவ்வொரு பாகத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே பேசிக்கொடுக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். பாகத்தைச் செய்த நிறுவனம்தான் டிரைவரையும் எழுதித் தர வேண்டும். விஸ்டா, கிராஃபிக்ஸ் டிரைவர்கள் எழுதப்படும் முறையையே மாற்றியது. மாற்றம் அவசியமானது. ஆனால் வெளியான நாளில் பல நிறுவனங்களின் டிரைவர்கள் தயாராகவில்லை, அல்லது அரைகுறையாக இருந்தன. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதத்துக்கு, கிராஃபிக்ஸ் சிப் செய்யும் என்விடியாவின் டிரைவர்கள் காரணம் என்று வழக்கில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் ஆவணம் காட்டியது. மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல்களால் வந்தது ஏறத்தாழ 18 சதவீதம். திரை உறைந்து போனால் வீட்டில் இருப்பவர் திட்டுவது என்விடியாவையா? "விஸ்டா தொங்குது" என்றுதான் சொல்வார்.

அந்த வழக்கு எதற்காக? 2006இல், விஸ்டா வருவதற்கு முன்பே, கடையில் இருந்த கம்ப்யூட்டர்களில் "விஸ்டா கேபபிள்" என்ற ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. 800 மெகாஹெர்ட்ஸ் பிராசசரும் 512 எம்பி ராமும் இருந்தால் போதும், ஸ்டிக்கர் கிடைத்துவிடும். விளம்பரத்தில் காட்டிய, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் ஏரோ என்ற அழகான திரை அந்தக் கருவிகள் பலவற்றில் ஓடாது. இன்டெலின் 915 வகை கிராஃபிக்ஸ் சிப் உள்ளவை அதற்கு முக்கிய உதாரணம். வாங்கியவர்கள் சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர்களில் ஒருவரான மைக் நாஷ், ஸ்டிக்கரை நம்பி வாங்கிய தன் லேப்டாப் 2,100 டாலர் விலையுள்ள மின்னஞ்சல் கருவியாகத்தான் பயன்படுகிறது என்று உள்ளுக்குள் எழுதிய கடிதம் அப்படித்தான் வெளியே தெரிந்தது. 2009 பிப்ரவரியில் நீதிமன்றம், எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டு வழக்காக நடத்தும் தகுதியை நீக்கிவிட்டது. கடிதங்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

ஆக, விஸ்டாவின் கெட்ட பெயரில் ஒரு பகுதி விஸ்டாவுடையது. மற்றது அவசரமாக எழுதிய டிரைவர்களுடையது, தகுதியில்லாத கருவியில் ஒட்டிய ஸ்டிக்கருடையது.

## பொறியியலாகப் பார்த்தால்?

பிரவுசர் வரியில் பார்த்தோமே, விஸ்டா 6.0, விண்டோஸ் 7 என்பது 6.1. பெயரில் புதுத் தலைமுறை, உள்ளுக்குள் அதே வீட்டின் அடுத்த மாடி. விஸ்டாவுக்காக எழுதிய டிரைவர்கள் பெரும்பாலும் 7இலும் ஓடின. இடைப்பட்ட கிட்டத்தட்ட மூன்று ஆண்டில் டிரைவர்கள் பண்பட்டுவிட்டன. 512 எம்பி ராம் போய் 2 ஜிபி சாதாரணமாகிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் "அனுமதிக்கலாமா?" என்று விஸ்டா கேட்டு எரிச்சலூட்டிய பெட்டியை, 7 தேவையான இடத்தில் மட்டும் கேட்கும்படி குறைத்தது. அந்தப் பெட்டி இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது, நம் கம்ப்யூட்டரை வைரஸிடமிருந்து காக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

"விஸ்டா குப்பை, 7 தங்கம்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 7 அடைந்த வெற்றியின் கணிசமான பகுதிக்கு விலை கொடுத்தது விஸ்டாவை முதலில் வாங்கியவர்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: விஸ்டா வியாபாரமாகத் தோற்கவில்லை, பொறியியலாகவும் தோற்கவில்லை. தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடம் தோற்றது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை தோல்வி என்ற சொல்லை நான் அந்த ஓரிடத்துக்குத்தான் வைத்திருப்பேன். முழுத் தோல்விக்கு உதாரணம் வேண்டுமானால் 2012இன் விண்டோஸ் ஆர்டி இருக்கிறது. பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும், பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. அது ஓடிய சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகள் விற்காமல் தேங்க, 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது. அங்கே விற்ற எண்ணும் இல்லை, ஓடிய எண்ணும் இல்லை. வாக்குவாதத்துக்கே இடம் இல்லை.

## விண்டோஸ் 11க்கு இதைப் போட்டுப் பார்க்கலாம்

2021 அக்டோபர் 5இல் வந்த விண்டோஸ் 11 மெதுவாகத்தான் பரவியது. ஸ்டாட்கவுன்ட்டர் கணக்கில் அது 10ஐ முந்தியது 2025 நடுவில்தான். வீடியோ கேம் ஆடுபவர்களை மட்டும் கணக்கெடுக்கும் ஸ்டீம் ஆய்வில் 2024லேயே முந்திவிட்டது. கேம் ஆடுபவர்கள் அடிக்கடி புதுக் கருவி வாங்குபவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் இயல்பானது.

மெதுவாகப் பரவியதால் மக்கள் மறுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? விஸ்டாவில் செய்ததை இங்கே அப்படியே செய்ய முடியாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும். ரகசியச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அவை வரத் தொடங்கியதே 2017இல். 2016இல் வாங்கிய நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் விரும்பினாலும் முறைப்படி மாற முடியாது. மாறாதவர்கள் எல்லோரையும் மறுத்தவர்கள் பட்டியலில் சேர்த்தால் கணக்கு தப்பு.

மறுபக்கம், 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. ஆதரவு என்றால், கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து இலவசமாக அனுப்பும் சேவை. அது நின்றுபோகும் என்ற பயத்தில் மாறியவர்களும், அதற்காகவே புது லேப்டாப் வாங்கியவர்களும் 11இன் பங்கை ஏற்றினார்கள். அந்த ஏற்றத்தை விருப்பம் என்று படிக்கவும் முடியாது. "11 வென்றுவிட்டது", "11 தோற்றுவிட்டது" என்று முழங்கும் இரு தரப்பும் இந்தத் தள்ளுமுள்ளைத்தான் தங்களுக்குச் சாதகமாக வாசிக்கிறார்கள்.

விருப்பத்தைக் காட்டும் எண் எதுவும் கிடைக்காதா என்றால், ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10இலேயே தங்க நினைக்கும் நிறுவனங்களுக்கு, காசு கொடுத்தால் மேலும் 3 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். ஒரு கம்ப்யூட்டருக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் இந்த விலையைக் கொடுத்து, 11 ஓடக்கூடிய கருவிகளிலேயே எத்தனை நிறுவனங்கள் 10ஐ வைத்துக்கொள்கின்றன என்ற கணக்கு வெளிவந்தால், இதுவரை வந்த எல்லாச் சதவீதங்களையும்விட அதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். டவுன்கிரேட் செய்த அன்றைய விஸ்டா வாடிக்கையாளர்களைப் போலவே, அங்கேயும் மாற முடிந்தவர்கள் மாறாமல் இருக்கப் பணம் கட்டுகிறார்கள்.